நடுக்கோட்டுப் புரொபசர்

பூமியின் நடுவில் குளிரும். முகுமோ சந்தியில் இது கோழிக்கும் தெரியும். பூமியின் ஓரங்களிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும்தான் தெரியாது. அவர்கள் அரைக்கால் சட்டையும் கையில்லாத பனியனும் போட்டு, மூக்கில் வெள்ளைக் களிம்பைப் பூசிக்கொண்டு, பூமத்திய ரேகை என்றால் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி என்ற நம்பிக்கையோடு வேனிலிருந்து இறங்குவார்கள். இறங்கிய கையோடு கிரின்யாகா மலையின் பனிமுடியிலிருந்து ஒரு காற்று வந்து அவர்கள் முழங்காலை நலம் விசாரிக்கும். அதற்குப் பிறகு சாலையின் இந்தப் பக்கம் வங்கேச்சியின் ஸ்வெட்டர் கடையில் வியாபாரம் தொடங்கும்.

அந்த ஸ்வெட்டர்கள் எங்கிருந்து வந்தவை? அதே ஓரத்து நாடுகளில் அதே மாதிரி ஆட்கள் கழித்துப்போட்டு, மூட்டை கட்டி, கப்பலேறி வந்தவை. தாங்கள் தானம் செய்ததைத் தாங்களே விலை கொடுத்து வாங்கிப் போட்டுக்கொண்டு, நடுங்கும் பல்லோடு அவர்கள் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போவார்கள். அங்கேதான் பூமத்திய ரேகை இதுதான் என்று எழுதிய மஞ்சள் பலகை. பலகைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பேசின், ஒரு ஜக், ஒரு தீக்குச்சி, ஒரு புரொபசர்.

புரொபசர் முராகே எந்தக் கல்லூரியிலும் படித்தவர் அல்லர். பள்ளிக்கூடத்தோடு அவருக்கு இருந்த உறவு ஒரே ஒரு கேள்வியில் முறிந்தது. ஆண்டின் நான்கு பருவங்கள் யாவை என்று பரீட்சையில் கேட்டிருந்தார்கள். நீண்ட மழை, குட்டி மழை, மழை வருமா, மழை வரவில்லை என்று முராகே எழுதினார். நான்கும் சரி என்று முகுமோ சந்தியில் எந்த உருளைக்கிழங்கு விவசாயியும் சத்தியம் செய்வான். ஆனால் பாடப்புத்தகம் பனி பெய்யும் நாட்டில் அச்சானது. அதில் வசந்தம் வந்தது, இலை உதிர்ந்தது, குழந்தைகள் பனியில் பொம்மை செய்தார்கள். வாத்தியாரும் ஜன்னலுக்கு வெளியே ஆண்டு முழுவதும் ஒரு தடவைகூட மொத்தமாக இலை உதிராத மரத்தைப் பார்த்தபடி, முராகேக்கு முட்டை போட்டார். முராகேயின் கல்விக்கு அன்றைக்கு இலையுதிர் காலம் வந்தது.

பிறகு ரோஜாப் பண்ணை வேலை. கோட்டின் மேல் வளரும் ரோஜாவுக்கு ஒரு பெருமை உண்டு. இங்கே பகலும் இரவும் பங்காளிச் சண்டை இல்லாமல் ஆண்டு முழுவதும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளும். சூரியன் நேரே தலைக்கு மேலே ஏறும். எந்தப் பக்கம் சாய்வது என்ற குழப்பம் செடிக்கு இல்லாததால் தண்டு நிமிர்ந்து நீளமாக வளரும். அது விமானமேறிப் போய் எங்கேயோ குளிரில் இருக்கும் காதலிகளிடம் சேரும். ரோஜா நிமிர்ந்து நின்ற அந்தப் பண்ணையில் முராகேதான் காலையிலிருந்து மாலைவரை குனிந்து நின்றார். குனிந்தே வயதாகிவிடும் என்று பயந்திருந்த ஒரு நாளில், சாலைத் துறை மஞ்சள் பலகையை நட்டுவிட்டுப் போனது. அதே வாரம் ஒரு லாரி ஓட்டுநர், மேற்கே இதே கோட்டில் இன்னொரு சந்தியில் ஒருவன் தண்ணீரை வைத்துப் பிழைப்பதாகச் சொன்னான். முராகே பேசின் வாங்கினார்.

வித்தை இதுதான். பேசினின் அடியில் ஒரு ஓட்டை. விரலால் அடைத்து, தண்ணீரை ஊற்றி, தீக்குச்சியைப் போட்டு விரலை எடுக்க வேண்டும். பலகைக்கு வடக்கே பத்தடி தள்ளி நின்றால் தண்ணீர் ஒரு பக்கமாகச் சுழன்று இறங்கும். தெற்கே பத்தடி தள்ளி நின்றால் மறுபக்கமாகச் சுழலும். பலகைக்கு நேர் கீழே சுழலவே சுழலாமல், நல்ல பிள்ளையாக நேராக இறங்கிப் போகும். ஓரத்து நாட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள். பிறகு கோட்டைத் தாண்டியதற்கு முராகே கையெழுத்திட்ட சான்றிதழ் ஒன்றை வாங்கிக்கொள்வார்கள். எட்டாம் வகுப்பு தாண்டாதவர் இதுவரை எத்தனையோ டாக்டர்களுக்கும் நீதிபதிகளுக்கும் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்.

முராகே ஏமாற்றுக்காரர் என்று நினைப்பவர்கள், இல்லாத கெட்டிக்காரத்தனத்தை அவருக்குக் கொடுக்கிறார்கள். அவர் மனதார நம்பினார். தொடங்கிய புதிதில் தண்ணீர் தன் இஷ்டத்துக்குச் சுற்றியது உண்மைதான். தண்ணீருக்குப் பாடம் இன்னும் பிடிபடவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். சில வாரங்களில் பிடிபட்டது. அதற்குப் பிறகு ஒருநாள்கூடத் தவறியதில்லை. தன் கைக்கும் அந்தச் சில வாரங்களில் ஏதாவது பிடிபட்டிருக்குமோ என்று அவர் யோசித்ததில்லை. புரொபசர்கள் எப்போதும் மாணவனைத்தான் சந்தேகிப்பார்கள்.

யோசித்தது வங்கேச்சி. கணவனை இழந்தவள், வாயை இழக்காதவள். எதிர்ப்பக்கத்து ஸ்வெட்டர் கடையில் உட்கார்ந்து, வேன் இல்லாத நேரமெல்லாம் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு.

“என்ன முகுரே அப்பா, இன்னிக்குத் தண்ணி பாடம் படிச்சிட்டு வந்துச்சா?” என்று காலையிலேயே சாலைக்கு அந்தப்புறமிருந்து கேட்பாள். முகுரே, முராகேயின் மூத்த மகள்; இங்கே பெற்றவர்களைப் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

“உங்க ஸ்வெட்டர் துவைச்சிட்டு வந்துச்சா கபுகி அம்மா?”

“துவைக்கிறதுக்குத் தண்ணி வேணுமே. அதை நீங்க ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் சுத்திக் காட்டித் தீர்த்துடறீங்க.”

“நான் சுத்தல. பூமி சுத்துது.”

“பூமியோட மணிக்கட்டு நல்லாத்தான் வேலை செய்யுது. நானும் பார்க்கிறேன்.”

மணிக்கட்டு என்ற வார்த்தை வந்தாலே முராகேக்குக் காது சிவக்கும். வந்திருப்பவர்களுக்கு அந்த மொழி தெரியாதது பூமத்திய ரேகைக்கு இயற்கை கொடுத்த பாதுகாப்பு.

இப்படியே ஓடியிருக்கும், அவினோ வராமல் இருந்திருந்தால்.

அது மார்ச் மாதம், நீண்ட மழைக்கு முந்தைய நாட்கள். சாலைத் துறை மஞ்சள் பலகையை எடுத்துவிட்டுக் கல்லில் ஒரு பெரிய வளைவு கட்டப் போவதாகவும், அதற்கு முன் இடத்தைச் சரிபார்க்க ஆள் வருவதாகவும் செய்தி வந்தது. கல் வளைவுக்குக் கீழே நிற்கும் தன்னை முராகே ஏற்கெனவே கற்பனையில் பார்த்துவிட்டார். போட்டுக்கொள்ளப் புதுக் கோட்டு ஒன்று வாங்கலாமா என்றுகூட மனைவியிடம் கேட்டார்.

வந்த அவினோ ஏரிக்கரைப் பக்கத்துப் பெண். சின்ன வயது, பெரிய பெட்டி. வேனிலிருந்து இறங்கி, பெட்டியைத் திறக்கும் முன்பே வங்கேச்சியின் கடைக்குள் நுழைந்துவிட்டாள்.

“அக்கா, இருக்கிறதுலயே தடிமனா ஒண்ணு குடுங்க.”

“எந்த ஊரு பொண்ணு நீ? வெள்ளைக்காரிதான் இப்படி நடுங்குவா.”

“ஏரிப் பக்கம். எங்க ஊரு வழியாவும் இதே கோடுதான் போகுது அக்கா. அங்க நாங்க பாயைத் தூக்கி வெளியில போட்டுட்டு, அப்பவும் விசிறிக்கிட்டுத்தான் தூங்குவோம்.”

“அங்க கோடு பள்ளத்துல ஓடுது. இங்க மேட்டுல ஏறுது பாரு. ஏறினா அதுக்கும்தான் மூச்சு வாங்கும், குளிரும்.”

“அதேதான் அக்கா. இதைச் சொல்லிக் குடுக்க எங்க காலேஜ்ல ஒரு வருஷம் எடுத்துக்கிட்டாங்க.”

“என்கிட்ட வந்திருந்தா ஒரு ஸ்வெட்டரோட முடிஞ்சிருக்கும்.”

அவினோ பெட்டியிலிருந்து மூன்று கால் கருவியை எடுத்து மஞ்சள் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களை விசாரித்து, நிற்கும் இடத்தைச் சொல்லும் கருவி அது. அது என்ன சொன்னதோ, அவள் புருவத்தைச் சுருக்கினாள். கருவியைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தாள். ஸ்வெட்டர் கடையைத் தாண்டினாள். வங்கேச்சியின் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். முராகே பேசினைக் கையில் வைத்துக்கொண்டே பின்னால் போனார். ஒரு கூப்பிடு தூரம் தள்ளி, ஒரு சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சியை அவள் தரையில் அடித்தாள்.

“இங்கதான் போகுது” என்றாள்.

வங்கேச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். “கோழிக்கூட்டுலயா?”

“கோழிக்கூட்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவுல.”

“அப்ப இத்தனை வருஷமா எங்க கோழி வடக்குல முட்டை போட்டுச்சு, நாங்க தெற்குல போயிட்டு வந்தோமா?”

“அப்படித்தான்.”

“கேட்டீங்களா முகுரே அப்பா? நான் தினம் காலையில ரெண்டு கோளத்துக்கும் போய்ட்டு வந்திருக்கேன். ஒரு சான்றிதழ் எழுதுங்க.”

முராகேக்குச் சிரிப்பு வரவில்லை. “இன்ஜினியரம்மா, மிஷினை இன்னொரு தடவை கேளுங்க. பலகையை வெச்சவங்க முட்டாளா?”

“முட்டாள் இல்லீங்க. அந்தக் காலத்துல நட்சத்திரத்தைப் பார்த்து, ஒரு நூல்குண்டைத் தொங்கவிட்டு, அதுதான் நேர் கீழேன்னு வெச்சு அளந்தாங்க. ஆனா பக்கத்துல இவ்வளவு பெரிய மலை. அது தன் எடையால குண்டைத் துளி இழுக்கும். நூல் சாய்ஞ்சா கோடும் சாயும்.”

“மலை இழுத்துச்சா?”

“கண்ணுக்குத் தெரியாத அளவு. தரைக்கு வரும்போது இவ்வளவு தூரம்.”

கிரின்யாகா, சாமி குடியிருக்கும் மலை. அதைப் பார்த்துத்தான் இங்கே முன்னோர்கள் கும்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்களும் போகிற வழியில் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அந்த மலை, அரசாங்கத்தின் நூலைப் பிடித்து இழுத்துவிட்டது என்றால் யாரிடம் போய் முறையிடுவது?

“அப்ப இத்தனை வருஷம் என் தண்ணி எப்படிச் சரியா சுத்துச்சு?” என்று முராகே கேட்டார். அது அவருடைய கடைசித் துருப்பு.

அவினோ பேசினைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். நல்ல பெண், கொஞ்சம் தயங்கினாள். “பூமி சுழலுறது புயலுக்குத் தெரியும் ஐயா. வடக்கே ஒரு மாதிரி, தெற்கே ஒரு மாதிரி சுத்தும். இந்தக் கோட்டுக்கு மேல சுத்தவே தெரியாம எந்தப் புயலும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. ஆனா அதெல்லாம் நூறு மைல் அகலத்துக்கு இருக்கணும். பேசினுக்கு எட்டாது.”

“என் பேசினுக்கு எட்டுது.”

அவள் பேச்சை மாற்றினாள். நடுப்பகல் ஆகியிருந்தது. “நிஜமாவே அதிசயம் பார்க்கணும்னா இங்க வாங்க” என்று அவரை வெயிலுக்கு இழுத்தாள். “உங்க நிழலைக் காணோம் பாருங்க.”

குனிந்து பார்த்தார். செருப்புக்கு அடியில் நிழல் ஒளிந்துகொண்டிருந்தது. மார்ச்சில் ஒருமுறை, செப்டம்பரில் ஒருமுறை, கோட்டில் நிற்கும் எவனுக்கும் சூரியன் செய்யும் மரியாதை அது. மரத்துக்கும் உண்டு, ஆட்டுக்கும் உண்டு, மஞ்சள் பலகைக்கும் சிவப்புக் குச்சிக்கும் உண்டு. ஒரு கூப்பிடு தூரத்தை எல்லாம் சூரியன் கணக்கில் எடுப்பதில்லை.

“இது சும்மாவே நடக்குது. இதுக்கு எவன் சான்றிதழ் வாங்குவான்?” என்றார் முராகே.

அடுத்த வாரம் சீஃப் கிதிஞ்சி கூட்டம் போட்டார். அரசாங்கம் வட்டாரத்துக்கு நியமித்த தலைவர் அவர். எல்லாக் கூட்டத்திலும் முடிவை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு கருத்துக் கேட்பது அவருடைய ஜனநாயகம். கல் வளைவு சிவப்புக் குச்சி இருக்கும் இடத்தில் வரும். அதுவரை மஞ்சள் பலகை அங்கே போய் நிற்கும். வங்கேச்சி கழிப்பறையை இடம் மாற்றுவாள். கருத்து உண்டா? கருத்து இல்லை. தேநீர் உண்டா என்று மட்டும் பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

ஆகவே வேன்கள் இனி வங்கேச்சியின் வாசலில் நிற்கும். முராகேயிடம் மீதி இருப்பது ஒரு பேசின். கோட்டின் மேல் நிற்கும்வரைதான் பேசின் வைத்திருப்பவன் புரொபசர். கோடு நகர்ந்துவிட்டால் அவன் பேசின் வைத்திருப்பவன். மறுபடியும் ரோஜாவுக்குக் குனியலாம் என்றால், அங்கே இப்போது இருபது வயது முதுகுகளைத்தான் எடுக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுவதும் சர்ச்சில் இருந்த நேரத்தில், முராகே பேசினையும் ஒரு கேன் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு வங்கேச்சியின் பின்கட்டுக்குப் போனார். சிவப்புக் குச்சிக்கு வடக்கே நின்று ஊற்றினார். ஒழுங்காகச் சுழன்றது. தெற்கே ஊற்றினார். ஒழுங்காக மறுபக்கம் சுழன்றது. கோடு மாறிவிட்ட தகவல் தண்ணீருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது என்று அவருக்கு மகிழ்ச்சி. அரசாங்கத்தில் ஒரு தகவல் இவ்வளவு வேகமாகப் போய்ச் சேர்ந்ததே இல்லை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். திரும்பும் வழியில் உருளைக்கிழங்கு வயலுக்கு நடுவில் நின்றார். கோடு இங்கே போகிறது என்று சும்மா நினைத்துக்கொண்டு ஊற்றினார். தண்ணீர் ஒப்புக்கொண்டது. தன் மாட்டுக்கொட்டகைக்கு முன்னால் நினைத்துக்கொண்டார். அங்கேயும் சம்மதம். சர்ச் மதில் ஓரம், தேவாலயத்துக்கு வடகோளம், கல்லறைக்குத் தென்கோளம் என்று பிரித்துப் பார்த்தார். அதற்கும் ஆட்சேபம் இல்லை. கடைசியில் ஜக்கை இடது கைக்கு மாற்றி, கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினார். திறந்து பார்த்தபோது, பாடமே படிக்காத மாணவன் மாதிரி தண்ணீர் அங்குமிங்கும் தளும்பி எப்படியோ இறங்கிக்கொண்டிருந்தது.

முராகே மதில் ஓரமாக உட்கார்ந்தார். உள்ளே பாட்டு நடந்தது. அன்றைக்கு அவர் சர்ச்சுக்குள் போகவில்லை என்றாலும், நம்பிக்கை சம்பந்தப்பட்ட ஒரு காரியம் அங்கே நடந்துவிட்டது. வலது மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு காலம் சம்பளம் கேட்காமல் உழைத்த ஒரு வேலைக்காரனை முதல்முறையாகச் சந்தித்த முதலாளியின் முகம் அவருக்கு.

திங்கட்கிழமை, சாலையைக் கடந்து ஸ்வெட்டர் கடைக்குப் போனார். வாழ்நாளில் இரண்டாவது முறையோ மூன்றாவது முறையோ.

“கபுகி அம்மா, உங்க இடத்துல நான் வந்து நின்னுக்கட்டுமா? வரும்படியில உங்களுக்கும் பங்கு.”

வங்கேச்சி ஒரு ஸ்வெட்டரை உதறி மடித்தாள். “எதுக்கு?”

“தண்ணி ஊத்த.”

“இத்தனை வருஷம் நீங்க என்ன சொன்னீங்க? நான் ஒண்ணும் செய்யல, தண்ணி தானா சுத்துதுன்னு சொன்னீங்களா இல்லையா?”

“சொன்னேன்.”

“தானா சுத்துற தண்ணிக்கு நீங்க எதுக்கு? நானே ஊத்திக்கிறேன்.”

முராகே வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். மணிக்கட்டு என்று சொன்னால் வேலை மிஞ்சும். ஆனால் புரொபசர் மிஞ்சமாட்டார். அந்த வார்த்தையை எதிர்ப்பக்கமிருந்து கத்திக்கொண்டே இருந்தவளிடம் போய், ஆமாம் தாயே என்று தலையாட்ட வேண்டும். வாயை மூடிக்கொண்டார்.

“அது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல முகுரே அப்பா. நான் எதிர்லயே உட்கார்ந்து தினமும் பார்த்திருக்கேன். எப்படி ஊத்தணும், எங்க நிக்கணும், எல்லாம் அத்துப்படி.”

“சரி, ஊத்துங்க” என்று திரும்பி வந்துவிட்டார்.

முதல் வேன் வந்தது காலை நான்கு மணிக்கு. இங்கே சூரியன் உதிப்பதிலிருந்துதான் மணி எண்ணுவது வழக்கம். அது தினம் ஒரே நேரத்துக்கு வந்துவிடுவதால் அதை நம்பலாம். உதித்து நாலு மணி நேரமானால் நாலு மணி. ஓரத்து நாட்டவர்கள் கைக்கடிகாரத்தில் பத்து என்று இருக்கும். அவர்கள் ஊர்ச் சூரியனை நம்பி யாரும் கடிகாரம் வைக்க முடியாது. அது கோடையில் வீட்டுக்கே போகாது, குளிர்காலத்தில் வேலைக்கே வராது.

ஓட்டுநர் முசியோகா பத்துப் பேரை இறக்கினான். மஞ்சள் பலகை இப்போது கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்றது. முராகே சாலையின் அந்தப்புறம், பலகை பிடுங்கிய குழிக்குப் பக்கத்தில் தன் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். வீட்டு ஓரத்துச் சந்து வழியே பின்கட்டு அவருக்கு நன்றாகத் தெரிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் பார்வையாளர்.

வங்கேச்சி புது பேசினோடு வந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். பலகைக்கு வடக்கே நின்று ஊற்றினாள். தண்ணீர் சுழன்றது. ஆனால் தெற்கே சுழல வேண்டிய பக்கமாகச் சுழன்றது. தெற்கே போய் ஊற்றினாள். வடக்கே சுழல வேண்டிய பக்கமாகச் சுழன்றது.

வந்தவர்களில் கண்ணாடி போட்ட ஒருவர் கையிலிருந்த வழிகாட்டிப் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். ஒரு பெண்மணி, நாம் இன்னும் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று முசியோகாவிடம் விசாரித்தாள். வங்கேச்சி மறுபடி ஊற்றினாள். மறுபடியும் தலைகீழ். பூமி எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டதா என்று அவளே ஒருமுறை சூரியனைப் பார்த்துக்கொண்டாள்.

“என்னம்மா இது?” என்று முசியோகா அவள் காதருகே சீறினான். “இவங்களைக் கூட்டிட்டு வந்து மானம் போகுது. நான் அடுத்த சந்திக்குப் போயிடுவேன். கோடு இங்க மட்டும்தான் ஓடுதுன்னு நினைப்பா? உலகத்தையே சுத்தி ஓடுது. எங்க வேணாலும் வண்டியை நிறுத்தலாம்.”

அந்தப்புறம் உட்கார்ந்திருந்த முராகேக்கு உடனே விளங்கிவிட்டது. அவள் எல்லாவற்றையும் சரியாகத்தான் கற்றிருந்தாள். ஆனால் எதிரில் உட்கார்ந்து கற்றிருந்தாள். அவர் ஜக்கைத் தன் பக்கத்து விளிம்பில் வலப்புறமாக ஓட்டினால், அவளுக்கு அது தூரத்து விளிம்பில் இடப்புறமாக ஓடுவதாகத் தெரியும். அவள் இடப்புறத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு, விளிம்பை மறந்துவிட்டாள். தன் பக்கத்து விளிம்பிலேயே இடப்புறமாக ஓட்டினாள். சாலையின் அகலம் முழுவதும் அந்த பேசினுக்குள் வந்து தலைகீழாக நின்றது.

அவருக்குச் சந்தோஷம் வந்தது. கொஞ்சம்தான். வேன் போய்விட்டால் அவளுக்கும் இல்லை, அவருக்கும் இல்லை, சாலையோரம் மண்டாசிப் பலகாரம் சுட்டு விற்கிறவளுக்கும் இல்லை.

“முகுரே அப்பா” என்று அந்தப்புறமிருந்து குரல் வந்தது. சத்தம் வழக்கத்தைவிடக் குறைவு. “கொஞ்சம் வாங்களேன். தண்ணிக்கு உடம்பு சரியில்ல.”

முராகே அவசரப்படவில்லை. எழுந்தார், முக்காலியை மடக்கினார், சட்டையைச் சரிசெய்தார், சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். வராத வண்டிக்காகக் காத்திருந்தார். பிறகு நடந்து வந்தார்.

“இதோ எங்க புரொபசர்” என்று முசியோகா அறிவித்தான். பத்துத் தலைகளும் திரும்பின.

முராகே பேசினைப் பார்த்தார். வங்கேச்சியைப் பார்த்தார். அவள் கண் அவரிடம் கேட்டது என்னவென்று தெரியும். மணிக்கட்டா இல்லையா, சொல்லித் தொலையுங்கள். எல்லோர் முன்னாலும் அவள் கையைப் பிடித்து இப்படித் திருப்பு என்று காட்டிக்கொடுக்கலாம். காட்டினால் வித்தை பிழைக்கும், அதிசயம் செத்துவிடும். முராகே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கிரின்யாகாவை நோக்கித் திரும்பினார்.

“கபுகி அம்மா, மலைக்குக் குடுத்தீங்களா?”

“என்ன குடுக்கணும்?”

“இந்த மலைதான் கோட்டையே இழுத்த மலை. இன்ஜினியரம்மாவே சொன்னாங்க. அதை விட்டுட்டு நீங்க உங்க பக்கமா ஊத்தினா தண்ணி கோவிச்சுக்காதா? மலையைப் பார்த்து நில்லுங்க. உங்க பக்கத்து விளிம்பு வேணாம். எதிர் விளிம்புல ஊத்துங்க, மலைப் பக்கத்து விளிம்புல. முதல் தண்ணி மலைக்கு. மத்ததெல்லாம் எப்பவும் போல.”

முசியோகா இதை மொழிபெயர்த்தான். பத்துப் பேரும் மலையைப் பார்த்து, தொப்பி போட்டிருந்தவர்கள் தொப்பியை எடுத்தார்கள்.

வங்கேச்சி மலைக்கு நேரே நின்று, எதிர் விளிம்பில் ஊற்றினாள். கை எப்பவும் போல இடப்புறமாக ஓடியது. தண்ணீர் கொஞ்சம் யோசித்தது. தீக்குச்சி சோம்பலாகத் திரும்பி, மெதுவாக, வடகோளத்துக்கு உரிய பக்கமாகச் சுழல ஆரம்பித்தது. தெற்கே போய் வலப்புறமாக ஓட்டினாள். அங்கேயும் முதல் தண்ணீர் மலைக்குப் போனது. சரியாக மறுபக்கம் சுழன்றது. கை தட்டினார்கள். சான்றிதழ் கேட்டார்கள். கண்ணாடிக்காரர் வழிகாட்டிப் புத்தகத்தை நேராகத் திருப்பினார். அதில் இல்லாத மலைச் சடங்கை ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டார். அடுத்த பதிப்பில் வந்துவிடும்.

அன்றிலிருந்து ஏற்பாடு இது. வங்கேச்சி ஊற்றுவாள், முராகே விளக்குவார், வரும்படி பகலும் இரவும் மாதிரி சரிபாதி. கல் வளைவும் எழும்பிவிட்டது. அதில் யார் பெயர் பெரிது என்ற விஷயத்தில் சீஃப் கிதிஞ்சிக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

இதில் முராகே எதிர்பாராத ஒன்று நடந்தது. வங்கேச்சி நம்ப ஆரம்பித்துவிட்டாள். தன் கையால் ஊற்றி, தன் கண்ணால் பார்த்தவள் ஆயிற்றே. அதுவும் தன் கோழிக்கூட்டு மண்ணில். காலையில் பேசினைக் கழுவி மலைப்பக்கம் திருப்பி வைக்காமல் தேநீர்கூடக் குடிப்பதில்லை. செப்டம்பரில் ஓர் இளைஞன் வந்தான், காதில் கடுக்கன், கையில் போன். ஊற்றுவதைப் பார்த்துவிட்டு, இது கைவித்தைதானே, மணிக்கட்டைத் திருப்புகிறாய் என்று சிரித்தான். முசியோகா அதைத் தயங்கித் தயங்கித்தான் மொழிபெயர்த்தான்.

“மணிக்கட்டா?” வங்கேச்சி ஜக்கைக் கீழே வைத்தாள். “தம்பிகிட்ட சொல்லு முசியோகா. இது மலை. இது பூமி. நானும் ஒரு காலத்துல இவனை மாதிரிதான் பேசிட்டுத் திரிஞ்சேன், அறிவில்லாம.”

முராகே அந்த இளைஞனைப் பார்த்து, வெயிலில் வந்து நின்றால் நிழல் காணாமல் போவதைக் காட்டுகிறேன் என்று மெதுவாகக் கூப்பிட்டார். இளைஞன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். முராகே தனியாகப் போய் நின்றார். நிழல் செருப்புக்குள் போயிருந்தது.

வேன் போன பிறகு வங்கேச்சி கடையிலிருந்து ஒரு ஸ்வெட்டரை எடுத்துவந்து அவரிடம் நீட்டினாள். பனி பெய்யும் காட்டில் கொம்புள்ள மான்கள் வண்டி இழுக்கும் படம் போட்டது. முராகேயின் பாடப்புத்தகத்தில் இருந்த அதே பனி.

“வெச்சுக்கங்க முகுரே அப்பா. இத்தனை வருஷம் ரோட்டுக்கு அந்தப்பக்கம் உங்களை நிக்க வெச்சு, மணிக்கட்டு மணிக்கட்டுன்னு கத்தினேனே, அதை மனசுல வெச்சுக்காதீங்க.”

முராகே ஸ்வெட்டரைத் தலைவழியாக மாட்டினார். அளவு சரியாக இருந்தது. கை மட்டும் கொஞ்சம் நீளம், மணிக்கட்டை முழுவதுமாக மூடியது.

“அதெல்லாம் எப்பவோ மன்னிச்சிட்டேன்” என்றார்.